வலை போட்ட ரம்புட்டான்

எங்கள் வீட்டு ரம்புட்டான் மரத்தால் எனக்கு ஊரில் ஒரு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அடுப்பில் பால் இருக்காது. அடுப்பே எரிந்துகொண்டிருக்காது.

நான் வளைகுடாவில் பல வருஷம் நர்சாக இருந்தவள். அங்கே கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, ஒருநாள் டியூட்டி முடிந்து வந்து, ஒரு ரம்புட்டானை நகத்தால் கீறி உரித்து என் கையில் வைத்தாள். தோலைப் பார்த்தால் பூச்சி மாதிரி இருந்தது, அருவருப்போடுதான் வாயில் போட்டேன். பிறகு அவளுடைய பெட்டியில் பாதியை நானே தின்று தீர்த்தேன். ஊருக்குப் போய் வீடு கட்டினால் முதல் வேலையாக இந்த மரத்தை வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். கருங்கல் ஊர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த அதே வாரம் நர்சரிக்குப் போய் ஒட்டுக் கன்று வாங்கி, பக்கத்து மதிலை ஒட்டி வெயிலும் நிழலும் கிடைக்கிற இடமாகப் பார்த்து வைத்தேன்.

என் கணவர் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவேன். அவர் இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், எல்லாருக்கும் வேண்டியவர். நான் வந்தேறி. கல்யாணமான கையோடு விமானம் ஏறியவள், வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போனவள். நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது தெருவில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது. காசுக்காரி என்று.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். என் கணவரை அண்ணன் என்றும் என்னை மயினி என்றும் கூப்பிடுவாள். மரம் வைத்த மறு கோடையில் எங்கள் கிணறு அடி தட்டிவிட்டது. கன்று இலை கருகி நின்றது. நான் கேட்கவில்லை. அவளாகவே தன் வீட்டு ஓஸ் குழாயை மதிலுக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

"மரத்துக்குத்தானே மயினி. வெள்ளம் எடுங்க. ஊறாமலா போயிரும்" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க என் மரம் அவள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது வருஷம் பூத்தது. பூ என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பச்சையாக ஏதோ தூசி மாதிரி. அதில் பாதி உதிர்ந்து மீதி பிஞ்சு பிடித்தபோது எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் மரத்தடிக்குப் போய்விடுவேன். ஆட்டுப் புழுக்கை, கடலைப் பிண்ணாக்கு என்று நாற்றமெடுத்த சமாசாரங்களை எல்லாம் கையாலேயே அள்ளிப் போட்டேன். பிஞ்சு கண்ட அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன், இந்த முதல் காய்ப்பு சபைக்கு. அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாகக் கொண்டு வைக்கிறவரை வீட்டில் ஒருத்தரும் தொடக்கூடாது. நானும் தொட மாட்டேன்.

கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. பாதி பக்திதான். மீதிப் பாதியைச் சொல்வதற்கு எங்கள் சபையின் ஏலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அறுப்பின் பண்டிகையன்று எல்லாரும் தங்கள் விளைச்சலில் ஒன்றைக் கொண்டு வந்து வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சக்கை என்று நாங்கள் சொல்கிற பலாப்பழம், கோழி, முட்டை. விளைச்சல் இல்லாதவர்கள் பலகாரம் செய்துகொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அங்கே யாரும் பொருளின் விலையைக் கேட்பதில்லை. யார் வீட்டுப் பொருள் என்று பார்த்துத்தான் கேட்பார்கள். பிரியமான வீட்டுக் கோழிமுட்டை ஒன்று கோழியின் விலைக்கு மேலே போகும். வெளியே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் யாருக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முந்தின வருஷம் நான் ஒரு கேக் செய்து கொண்டுபோனேன். பிளம்ஸ் எல்லாம் போட்டு, மேலே பூவேலை செய்து. இரண்டே கேள்வியில் அதை முடித்துவிட்டார்கள். அதற்கடுத்து வந்த வெள்ளைக் கோழிக்குக் கால்மணி நேரம் போட்டி நடந்தது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து சிரித்த முகமாக இருக்கப் படாதபாடு பட்டேன். அன்றைக்கே எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. எங்கள் சபையில் அதுவரை யாரும் ரம்புட்டான் கொண்டுவந்ததில்லை.

காய் செங்காயாக நிறம் மாறத் தொடங்கியதும் வவ்வால் பயம் வந்தது. என் கணவர் மணவாளக்குறிச்சியில் கூட்டாளி ஒருவரிடம் சொல்லிப் பழைய மீன்வலை ஒன்று வாங்கிவந்தார். இருவருமாக ஏணி வைத்து மரத்தை முழுசாகப் போர்த்தினோம். ஒரு வாரத்துக்குத் தோட்டம் பூராவும் கருவாட்டு வாடை. தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் மரத்தடியில் வந்து உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். ஒரே மகள், குழித்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வயிறு நன்றாக இறங்கி, முகம் வெளுத்துப் போயிருந்தாள். அவளுடைய அறைச் சன்னல் எங்கள் மதிலைப் பார்த்துத்தான் இருக்கும். சன்னலுக்கு நேரே, வலைக்குள்ளே சிவப்புச் சிவப்பாக என் பழங்கள்.

ஒருநாள் சாயங்காலம் அம்மாக்காரி வேலையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் மதில் பக்கம் வந்து நின்றாள்.

"மயினி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கப்பிடாது."

"சொல்லு பிள்ள."

"மோளுக்கு அந்தப் பழத்தில ஒரு ஆச. எங்கிட்டயே பைய பையத்தான் சொன்னா. சோறு எறங்க மாட்டேங்கு அவளுக்கு. ரெண்டு பழம் போதும்."

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை எங்கள் பக்கம் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வாய்த்தகராறு உள்ள வீடு என்றாலும் அதைமட்டும் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். அவள் கேட்டு முடிப்பதற்குள் என் வாயில் பதில் தயாராக இருந்தது.

"கர்த்தருக்கு வைக்காம எப்படிப் பிள்ள எடுக்கது? நானே இதுவரை வாயில வைக்கல. பண்டிக முடியட்டும், நானே கொண்டு தாறேன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது.

"ஆசன்னா மார்த்தாண்டம் சந்தையில கிடைக்கும்லா. ஒரு கிலோ வாங்கிக் குடேன்."

சந்தையில் அப்போது என்ன விலை என்று எனக்குத் தெரியும். அவளுடைய கூலியும் எனக்குத் தெரியும்.

"செரிதான் மயினி, ஆண்டவருக்கு உள்ளது. நான் யோசிக்காம கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. கர்த்தருடைய பெயரைச் சொன்னதும் அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

சாப்பிடும்போது கணவர் கேட்டார்.

"ரெண்டு பழம் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

"நீங்க சும்ம கிடங்க. ஏலம் போடும்போது கூடை நெறஞ்சிருக்காண்டாமா?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மதில் பக்கத்துக் கிளையில் ஒரு கொத்து காணவில்லை. வலையில் கை நுழைகிற அளவு ஓட்டை. கீழே தோல்கள் கிடந்தன. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. அவரை எழுப்பி, ஏணியைப் பிடிக்கச் சொல்லி, நான் ஏறி ஓட்டையைத் தைத்தேன். தைக்கத் தைக்க வாயும் போய்க்கொண்டிருந்தது.

"வவ்வால்தான். தோலு கெடக்கு பாரு" என்றார் அவர்.

"எந்த வவ்வாலோ. செறகு உள்ள வவ்வாலா, சேல உடுத்த வவ்வாலா, யாரு கண்டா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே சொன்னேன். ஏணி லேசாக ஆடியது. பிறகு யோசித்தபோதுதான் நினைவு வந்தது, அந்த நேரம் அவள் அண்டி ஆபீஸ் போயிருப்பாள். சே, கேட்டிருக்காதே என்று அப்போது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பின்னால் எத்தனையோ தடவை, நல்லவேளை கேட்கவில்லை என்று கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

பண்டிகை ஞாயிறு வந்தது. புதுக்கூடை வாங்கி, அடியில் குரோட்டன் இலை பரப்பி, பழங்களைக் காம்போடு அடுக்கி, தலைச்சுமையாகவே கொண்டுபோனேன். கார் இருந்தும் நடந்துதான் போனேன், வழியில் எல்லாரும் பார்க்கட்டும் என்று.

கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்துக் கூடையைத் தூக்கிக் காட்டினார். "நம்ம சபைக்கு முதல் ரம்புட்டான். முதற்பலன். வீட்டுக்காரங்க வாயிலகூட வைக்காம கொண்டு வந்திருக்காங்க, கேட்டுக்குங்க."

ஆண்கள் பக்கம் ரப்பர்க் கடைக்காரர் ஒருவர் தொடங்கினார். இன்னொருவர் ஏற்றினார். அப்போது எனக்கு இரண்டு பெஞ்சு பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி. ஏலத்தில் ஒரு தேங்காய்க்கு மேல் எதுவும் கேட்டறியாதவள், கறுத்த விரலோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ரப்பர்க் கடைக்காரர் ஏற்றினார். அவளும் ஏற்றினாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி ஏற்றினார். அவள் சிரிக்கவில்லை, ஏற்றினாள். ஆலயம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. வெள்ளைக் கோழி எல்லாம் எங்கோ கீழே போய்விட்டது.

நான் ஆசைப்பட்டது நடந்துகொண்டிருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. நீ தராததைக் காசு கொடுத்து வாங்குகிறேன் பார் என்று ஊர் முன்னால் என் முகத்தில் அடிக்கிறாள், இந்தக் கதையைப் பெண்கள் எல்லாரிடமும் சொல்லியிருப்பாள், அதற்குத்தான் இந்தப் பார்வையெல்லாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். கூடை அவளுக்கு. எல்லாரும் கைதட்டினார்கள்.

வெளியே மணிக்கூண்டுப் பக்கம் அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மகள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு. சுற்றிலும் நாலைந்து பெண்கள். நான் நேரே போனேன்.

"எனக்க மேல கோவம் இருந்தா வீட்டுல வந்து கேக்கணும் பிள்ள. சபைக்க நடுவுல வச்சு..."

"கோவமா? என்னத்துக்கு மயினி கோவம்?" அவள் விழித்தாள்.

நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, நல்ல இனிப்பு மாமி. நீங்க தந்து விட்ட பழம். அதத் தின்ன பெறவுதான் எனக்குச் சோறே எறங்கிச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாக்காரி குரலைத் தாழ்த்தினாள், ஆனாலும் பெண்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணன் பேப்பர்ல பொதிஞ்சு கொண்டு தந்தப்ப நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கர்த்தருக்கு வைக்காம எப்படின்னு. உனக்க மயினிதான் தந்து விட்டா, பிள்ளத்தாச்சிக்குக் குடுத்தா கர்த்தருக்குக் குடுத்ததுதான், யாரிட்டயும் சொல்லாண்டாம்னு சொன்னான்னு சொன்னாரு. இத்தன நாளும் நான் வாயத் தொறக்கல மயினி. ஆனா அந்தக் கூடைய வேற ஒருத்தரு கொண்டு போவ நான் விடுவேனா?"

"கொள்ளாமே. இத வெளிய காட்டாம செஞ்சிருக்காளே" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. காசுக்காரி என்று இருந்த என் பெயர் அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் மாறியது.

நான் கணவரைத் தேடினேன். அவர் ஆலயப் படிக்கட்டில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலுக்கு முன்னாலேயே கிடந்தது.

"அதுக்கென்ன பிள்ள" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவள் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, உரித்து, "கர்த்தருக்கு வச்சாச்சு, இனி திங்கலாம். நீங்க இன்னும் வாயில வைக்கலல்லா" என்று சொல்லி என் வாயில் ஊட்டினாள். மூன்று வருஷம் வளர்த்த மரத்தின் முதல் பழத்தை நான் அப்படித்தான் தின்றேன். பழம் நல்ல இனிப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பாதி வழி வந்ததும் அவர் பக்கம் திரும்பினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ கூடையப் பத்திப் பேசுவ."

"பின்ன எதுக்கு நான் தந்ததா சொன்னீங்க?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "நீ குடுத்திருப்ப. நாலு நாள் பிந்திக் குடுத்திருப்ப. நான் கொஞ்சம் முந்திட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

கொடுத்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கட்டின மனுஷன் என்னிடமிருந்து ஒளித்துத்தான் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அன்றைக்கு நினைத்து நினைத்துக் கூசினேன். மரத்தடியில் கிடந்த தோல்கூட, வவ்வால்மேல் பழி போட அவர் தின்று போட்டதுதான். வவ்வால் தின்றால் அப்படிப் பாதியாகப் பிளந்த தோலா கிடக்கும்? இத்தனை வருஷம் நர்சாக இருந்தவளுக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை மதில்வரை போயிருக்கிறேன். சொன்னால் அவர் பொய் சொன்னதாக ஆகும், அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது வீணாகப் போகும் என்று காரணம் சொல்லித் திரும்பிவிடுவேன். அந்த நல்ல பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதும் ஒரு காரணம். மதில் பக்கத்துக் கிளைக்கு இப்போது வலை போடுவதில்லை. அது அவர்களுக்கு என்று விட்டுவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் ஊர் என்னைப் புகழ்கிறது.

இந்த வருஷம் காய்ப்பு சமயத்தில் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை நன்றாக ஓடியாடுகிறது. நான் நீளக் கம்பில் கொக்கி கட்டிய தோட்டியால் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். இருவரும் எங்கள் தோட்டத்துக்கு வந்து நின்று பார்த்தார்கள். கீழே தொங்கிய வலைக்குள் குழந்தை கையை விட்டு ஒரு பழத்தைப் பிடித்தது. மகள் சிரித்துக்கொண்டே குழந்தையின் கையை எடுத்துவிட்டாள்.

"கைய எடு மக்கா. சேல உடுத்த வவ்வால்னு மாமி ஏசிருவா."

என் கையில் தோட்டி அப்படியே நின்றது. அந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். ஏணிமேல் நின்று. அம்மாக்காரி வேலைக்குப் போயிருந்த காலை நேரத்தில். சன்னலுக்குள்ளே யார் படுத்திருந்தார்கள் என்று நான் இத்தனை காலமும் யோசிக்கவே இல்லை.

அப்படியென்றால் அவளுக்கு அன்றைக்கே தெரியும். பழம் நான் கொடுத்து வரவில்லை என்று தெரியும். என் வாயில் அவளுடைய அம்மாவுக்கு என்ன பெயர் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மணிக்கூண்டு அடியில், நான் சண்டைக்குப் போய் நின்றபோது, அம்மாவை முந்திக்கொண்டு என் கையைப் பிடித்து, நீங்கள் தந்து விட்ட பழம் மாமி என்று அத்தனை பேர் கேட்கச் சொன்னாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்ம வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமி. பிள்ளைக்கு ரெண்டு பழம் தாங்க" என்றாள். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. நான் ஒரு கொத்தை முறித்துக் குழந்தையின் இரண்டு கைகளிலும் வைத்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாக்காரி குழந்தையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், "தின்னு மக்கா தின்னு. நீ வயித்துல கெடக்கும்போதே கர்த்தருக்கு வைக்கதுக்கு முன்ன உனக்குத் தந்த மாமியாக்கும்."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கேயே நின்று முழுவதையும் கேட்டேன். மகளும் என்னைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.